கேட்டது கேட்டதுதான்

"ஒண்டுமில்லை" என்ற சொல்லை அந்த அக்கா ஒருவருக்கும் ஆறுதலாகச் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஜெர்மனியில் பிள்ளை வளர்த்த எங்களைப் போன்றவர்கள் அதை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை சொல்கிறோம். பிள்ளை விழுந்தால் ஒண்டுமில்லை. காய்ச்சல் அடித்தால் ஒண்டுமில்லை. வகுப்பில் ஒருத்தரும் தன்னோடு கதைக்கிறார்கள் இல்லை என்று அழுதுகொண்டு வந்தால், ஒண்டுமில்லை, வா சாப்பிட. அந்தச் சொல் காதில் விழுந்தால் அக்கா கண்களை ஒருமுறை மூடித் திறப்பார். பல் கூசினவர்போல இருக்கும் அது.

பல் என்றது சும்மா வரவில்லை. நான் ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். அக்காவை முதன்முதலில் அங்கேதான் பார்த்தேன். வைத்தியர் ஊசியோடு குனிந்து, வழக்கம்போல, ஒன்றுமில்லை, எறும்பு கடித்த மாதிரித்தான் இருக்கும் என்றார். கதிரையில் கிடந்தபடியே அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். நோகும் என்று சொல்லிவிட்டுக் குத்துங்கள், நான் தாங்குவேன் என்று இலக்கணம் பார்க்காத ஜெர்மனில் சொன்னார். வைத்தியர் என்னைப் பார்த்தார். பிறகு, "நோகும்" என்றார். அக்கா அசையவில்லை.

வெளியே வந்து ஜாக்கெட்டைப் போடும்போது என்னிடம் தமிழில் சொன்னார். "உங்கட டொக்டர் நல்ல மனுசன், தங்கச்சி. ஆனா வாய் பொய்க்குப் பழகிப்போச்சு."

அந்த ஜாக்கெட் பையிலிருந்து அவித்த ஈரல் மணம் வந்தது. நான் மூக்கைச் சுளித்திருக்க வேண்டும். நாய்களுக்கு என்று சொல்லிச் சிரித்தார். மன்னார்க்காரி, ஐம்பதை நெருங்கியவர், தனி ஆள். ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. லீவு நாட்களில் ஆதரவற்ற நாய்களை வைத்திருக்கும் காப்பகத்துக்குப் போய், ஒருவரும் கிட்டப் போகாத நாய்களை நடக்கக் கூட்டிக்கொண்டு போவார். அதைக் கேட்டதும், கையுறையைக்கூடக் கழற்றாமல் நான் எங்கள் வீட்டுக் கதையை அவரிடம் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

என் மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒரே பிள்ளை. ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கூட வாசலில் மூச்சுத் திணறி நிலத்தில் இருந்தவள், அதன்பிறகு வீட்டை விட்டு இறங்கவில்லை. நெஞ்சைப் பரிசோதித்த வைத்தியர்கள் ஒரு நோயும் இல்லை என்றார்கள். "ஒண்டுமில்லையாம் பிள்ளை" என்று நான் சந்தோசமாகச் சொன்னேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு பார்த்த மனநல வைத்தியர், ஒரு நாய் வளர்த்துப் பாருங்கள், வெளியே போக ஒரு காரணம் கிடைக்கும் என்றார். மண்ணிற உடம்பும் ஒரு வெள்ளைக் காதுமாக ஒரு நாய் வந்தது. மகள் அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள்.

"இனிக் கோயில்ல ஆரும் எத்தினை பிள்ளையள் எண்டு கேட்டா ரெண்டு எண்டு சொல்லுவம்" என்றார் என் கணவர்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. தம்பியைப் பிடித்துக்கொண்டு மகள் முதலில் வீட்டைச் சுற்றி வந்தாள், பிறகு பூங்காவுக்குப் போனாள், பிறகு பள்ளிக்கூட மதில் வரைக்கும் போய் வந்தாள். எங்கள் வாசலிலிருந்து இருபது அடி தள்ளி, அதே நடைபாதையில், வெறும் கண்ணாடிப் போத்தல் போடுகிற பெரிய இரும்புப் பெட்டிகள் மூன்று நிற்கின்றன. ஒருநாள் தம்பி அதன் காலடியை மணந்துகொண்டு நிற்கும்போது யாரோ ஒருவர் ஒரு கூடைப் போத்தலை ஒரேயடியாகக் கொட்டினார். அன்றைக்கு வீட்டுக்குள் ஓடிவந்தவன்தான். அதன்பிறகு கீழ்க்கதவைக் கண்டாலே நான்கு காலையும் படியில் ஊன்றி நின்றுவிடுவான். இழுத்தால் மூத்திரம் போய்விடும். பல்கனியில்தான் எல்லாம்.

"தம்பி வராட்டி நானும் போகேல்லை" என்றாள் மகள். பள்ளிக்கூடத்திலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின.

அக்கா வந்த முதல் நாள், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வீட்டுக்குள் நுழைகிற நடையில் நிலத்தில் இருந்தார். நாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். முக்கால் மணித்தியாலம் அப்படியே. நான் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன், அது ஆறிப்போனது. மகள் அறைக்கதவை அரைவாசி திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அக்கா முதுகைத்தான் காட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

கீழே போத்தல் உடைந்தது. தம்பி நடுங்கினான். நான் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். "ஒண்டுமில்லை தம்பி, ஒண்டுமில்லை."

அக்கா கண்களை மூடித் திறந்தார். "தங்கச்சி, கொஞ்சம் பொறுத்து, ஒரு சத்தமும் இல்லாத நேரத்தில அதைத் திரும்பச் சொல்லிப் பாருங்கோ."

பத்து நிமிடம் பொறுத்துச் சொன்னேன். வீதியில் ஒரு சத்தமும் இல்லை. தம்பி வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு நடுங்கினான்.

மகள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "அம்மா, எனக்கும் அப்பிடித்தான்."

"பயம் வரேக்கைதானே அந்தச் சொல்லைச் சொல்லுறம்" என்றார் அக்கா, தம்பியைக் காட்டி. "அப்ப அந்தச் சொல் வந்தா, பயம் வரப்போகுது எண்டு அவருக்கு விளங்கும். எங்கட அம்மா பங்கருக்கை எங்களை அணைச்சுக்கொண்டு ஒண்டுமில்லை ஒண்டுமில்லை எண்டுதான் சொல்லுவா. எனக்கு விமானச் சத்தத்தைவிட அம்மான்ர அந்தச் சொல்லுக்குத்தான் கூடப் பயம். போத்தல் உடைஞ்சது உண்மை. அவர் கேட்டது கேட்டதுதான். கேக்கேல்லை எண்டு சொல்ல நாங்கள் ஆர்?"

தன்னைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். நாயை அவர் நீ என்று சொல்லமாட்டார். வாங்கோ, இருங்கோ, காணும், இனிப் படுங்கோ. என் கணவர் சமையலறையிலிருந்து, "இந்த மரியாதையில அரைவாசி எனக்குக் கிடைச்சாக் காணும்" என்பார். "நீங்களும் முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருந்து பாருங்கோ, கிடைக்கும்" என்பார் அக்கா.

அவர் சொல்லித்தந்த முறை இதுதான். பயப்படுகிற சத்தத்தை முதலில் மிகச் சின்னதாகக் கேட்கவைக்க வேண்டும். நாய் அதைக் கேட்டும் நடுங்காமல் எங்கள் முகத்தைப் பார்க்கிற அந்த நொடியில் ஒரு சொல் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு ஈரல். எந்தச் சொல் என்று மகளையே கேட்டார். மகள் யோசித்துவிட்டு, "ஓம்" என்றாள். ஆம் என்பதற்கு நாங்கள் சொல்கிற ஓம்.

"நல்ல சொல். ஆனா ஒண்டு. பொய் ஓம் சொல்லக்கூடாது. ஓம் எண்டு சொன்னா ஈரல் குடுத்தே ஆகவேணும்."

இரண்டு ஜாம் போத்தல்களைத் துவாய்க்குள் சுற்றி அடுத்த அறையில் முட்டவைத்தோம். ஓம். ஈரல். பிறகு துவாய் இல்லாமல். பிறகு வாளிக்குள். பிறகு படிக்கட்டில். மகள் சதுரக் கோட்டுக் கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதினாள்: எத்தனை தடவை, எவ்வளவு தூரம், வால் எங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் போத்தல் போடுவது இங்கே தடை. அதனால் ஞாயிறு காலைகளில் கீழே இறங்கிப் பழகினார்கள். ஒரு ஞாயிறு நான் மேலிருந்து எட்டிப் பார்த்தால், மகள் நாயோடு கீழ்க்கதவுக்கு வெளியே நிற்கிறாள். தான் வெளியே வந்துவிட்டதையே அவள் கவனிக்கவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். கீழே நின்ற அக்கா என்னைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினார், வேண்டாம் என்று.

வீட்டில் ஓம் என்ற சொல்லுக்குத் தட்டுப்பாடு வந்தது. என் கணவர் தொலைபேசியில் ஓம் ஓம் என்றால் தம்பி வந்து முன்னால் நின்று அவர் கையைப் பார்ப்பான். "ஒரு மனுசன் தன்ர வீட்டில ஓம் எண்டு சொல்லேலாமக் கிடக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு குளிர்ப்பெட்டியைத் திறப்பார். கடைசியில், இனி எல்லோரும் ஜெர்மன்காரர்போல யா என்றுதான் சொல்வது என்று முடிவெடுத்தோம். அதிகம் தவறியது நான்தான்.

எனக்குப் பொறுமை போதாது. ஊன்ட்றொப் அம்மன் கோயில் எங்களுக்குக் காரில் அரை மணி நேர ஓட்டம். ஒரு வெள்ளிக்கிழமை போய், தம்பிக்குப் பயம், நூல் ஒன்று மந்திரித்துத் தாங்கோ ஐயா என்றேன். ஐயர், "தம்பியின்ர நட்சத்திரம்?" என்று கேட்டார். நாய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மகளின் நட்சத்திரத்தைச் சொன்னேன். மஞ்சள் நூலைக் கொண்டுவந்து நாயின் கழுத்துப் பட்டியில் கட்டினேன். அக்கா வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவர், சிரிப்பார் என்று நினைத்தேன். நூலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும். உங்களுக்குப் பயம் தெளியும்" என்றார்.

அவரைப் பற்றி இங்குள்ள எங்கள் ஆட்களிடம் நல்ல கதை குறைவு. அவ வாயைத் திறந்தா வீடு கறுக்கும் என்பார்கள். முன்பு அவர் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைதான் செய்தார். ஞாபகம் அழிந்த ஒரு கிழவி, தன் புருசன் எப்போது வருவார் என்று தினமும் ஜன்னலோரம் நின்று கேட்பாளாம். மற்றவர்கள், இதோ வந்துவிடுவார் என்பார்கள். கிழவி பொழுதுபடும்வரை நின்று காத்திருப்பாள். அக்கா ஒருநாள், "அவர் வரமாட்டார். நான் உங்களோடு கொஞ்சநேரம் இருக்கிறேன்" என்று சொல்லிப் பக்கத்தில் இருந்தார். கிழவி குழறி அழுதிருக்கிறாள். அக்காவைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள்.

"அந்தக் கிழவி பாவமெல்லோ அக்கா" என்று நான் கேட்டேன்.

"பாவம்தான். ஆனா அண்டைக்கு அவ ஜன்னலடியில நிக்கேல்லை. கதிரையில இருந்து சாப்பிட்டவ."

அது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வசந்தம் பிறந்தபின் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு முதன்முறையாக, ஆட்கள் போத்தல் போடுகிற நேரத்தில், அந்தப் பெட்டிகளைத் தாண்டிப் போவதென்று திட்டம். தாண்டினால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போய்ப் பார்ப்பேன் என்று மகள் தானாகவே சொல்லியிருந்தாள். ஒருவரும் கேட்காமலே சொன்னாள்.

"தங்கச்சி, நீங்கள் மேல நில்லுங்கோ" என்றார் அக்கா. "உங்கட பயம் உங்களுக்கு முன்னால இறங்கி வரும்."

"ஓம் அக்கா, நான் வரேல்லை" என்றேன்.

தம்பி நிமிர்ந்து பார்த்தான். அக்கா அவனுக்கு ஒரு துண்டு ஈரல் கொடுத்தார்.

அவர்கள் இறங்கியதும் நான் பின்படியால் இறங்கி, வீட்டைச் சுற்றிப் போய், வீதியின் எதிர்ப்பக்கத்தில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் நின்றேன். பிள்ளைக்கு மூச்சுத் திணறினால் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வந்தார்கள். மகள் முன்னால், அக்கா இரண்டு அடி பின்னால். கயிறு தளர்ந்து தொங்கியது. இறுக்கிப் பிடித்தால் பயம் கயிற்றால் நாய்க்குப் போகும் என்பார் அக்கா. பெட்டியடியில் நின்ற ஒருவர் போத்தல்களைப் போட்டுக்கொண்டிருந்தார். தம்பி நின்றான். காதுகள் பின்னால் மடிந்தன. பிறகு தலையைத் தூக்கி என் மகளின் முகத்தைப் பார்த்தான். அவள் உதடு அசைந்தது. ஓம். ஈரல் கொடுத்தாள். நடந்தார்கள். முதலாவது பெட்டி, இரண்டாவது, மூன்றாவது. போத்தல் போட்டவர் வெறும் கூடையோடு திரும்பிப் போய்விட்டார். மகள் முதுகை நிமிர்த்தி நின்றாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அப்படி நிற்கிறாள் என்று நினைத்தேன்.

கைப்பேசி அடித்தது. வேலையிடத்திலிருந்து கணவர். "என்ன, தாண்டிட்டினமோ?"

"ஓம்" என்றேன். என் குரல் எனக்குத் தெரியாமலே உயர்ந்துவிட்டது. "ஓம், ஓம்!"

தம்பி திரும்பினான். வால் ஆடியது. அதை நான் தெளிவாகப் பார்த்தேன். வெருண்டு ஓடுகிற நாய் வாலை ஆட்டாது. தன்னை நல்லபிள்ளை என்று கூப்பிட்ட இடத்துக்கு அவன் வந்தான். மகளின் கையிலிருந்து கயிறு உருவிக்கொண்டது. கார் வேகமாகக்கூட வரவில்லை.

வீதிக்கு ஓடுவதற்கு முன் நான் செய்த முதல் காரியம், கைப்பேசியைப் பைக்குள் ஒளித்ததுதான்.

மகள் வீதியில் முழங்காலில் இருந்தாள். காரை ஓட்டியவர் நடைபாதை விளிம்பில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் நூல் அப்படியே கழுத்தில் கிடந்தது. மகள் அக்காவை நிமிர்ந்து பார்த்து, "அன்ரி, ஒண்டுமில்லைத்தானே? ஒண்டுமில்லைத்தானே?" என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை.

அக்கா அவளுக்குப் பக்கத்தில் தார் வீதியில் இருந்தார். "தம்பி செத்துப்போனார், பிள்ளை. நான் இதிலயே இருக்கிறன்."

பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கை இருந்த பையைப் பார்த்தார்.

போத்தல் சத்தத்துக்கு வெருண்டு ஓடினது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். மகள் இரண்டு நாள் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கயிறு உரசிய இடத்தை.

"நான்தான் விட்டிட்டன்."

"ஒண்டுமில்லை பிள்ளை, உன்ர பிழை இல்லை. சத்தத்துக்கு ஓடினது."

"போத்தல் அதுக்கு முதலே முடிஞ்சுதம்மா. எனக்கு ஓம் எண்டு கேட்டது."

"அது நீ சொன்ன ஓம்தான்" என்றேன். "அதுதான் மண்டைக்குள்ள திரும்பத் திரும்பக் கேக்குது."

அவள் தலையாட்டினாள். அம்மா சொன்னதை நம்பினாள்.

மூன்றாம் நாள் அக்கா வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"பிள்ளைக்குச் சொல்லிட்டீங்களோ?"

"அவள் தாங்கமாட்டாள் அக்கா. என்னையும் வெறுத்தால் அவளுக்கு வேற ஆர் இருக்கினம்?"

"உங்களை வெறுக்கட்டும். இப்ப தன்ர காதையெல்லோ வெறுக்கிறா."

"உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்களுக்கு விளங்காது" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கண்களை மூடித் திறந்தார். "நான் சொல்லமாட்டன். அது உங்கட வாயால வரவேண்டியது. ஆனா அந்தப் பிள்ளைக்கு முன்னால நிண்டு எனக்கு நடிக்க ஏலாது. போறன், தங்கச்சி."

போய்விட்டு வாறன் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அவர் போறன் என்றே சொன்னார். அதன்பிறகு அவர் அழைக்கவும் இல்லை, நான் அழைக்கவும் இல்லை. பல்வைத்தியரிடம் அடுத்த முறைக்கு எடுத்திருந்த நேரத்தையும் ரத்துச் செய்தார். வேறு ஊருக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போய்ப் பார்க்க வேண்டிவரும் என்று பயம்.

மகள் இப்போது வெளியே போகிறாள். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இறங்கினாள். இந்த இலையுதிர்காலத்திலிருந்து வேறொரு பள்ளிக்கூடம், கிழமையில் மூன்று நாள். என்னோடு தேவைக்குத்தான் கதைக்கிறாள். அது போன மாசி மாதத்து ஒரு பின்னேரத்திலிருந்து.

அன்றைக்கு நான் லண்டனில் இருக்கும் என் தமக்கையோடு தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தேன். யா, யா, சரி, யா. வைத்ததும் மகள் மேசையிலிருந்து கேட்டாள்.

"அம்மா, இப்ப தம்பி இல்லைத்தானே. நீங்கள் ஏன் இன்னும் ஓம் எண்டு சொல்லுறேல்லை?"

ஒண்டுமில்லை என்று சொல்ல என் வாய் திறந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில், நிலத்தில், யாரோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசாமல் இருப்பதுபோல் இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. நான் கதிரையை இழுத்து இருந்தேன்.

"அண்டைக்கு நான் மேல நிக்கேல்லைப் பிள்ளை. பஸ் தரிப்பிடத்தில நிண்டனான். அப்பா போனில கேட்டவர், தாண்டிட்டினமோ எண்டு. அந்த ஓம் நான் சொன்னது. உன்ர கையில பிழை இல்லை. உன்ர காதிலயும் பிழை இல்லை. நீ கேட்டது கேட்டதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். பேனையின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தாள்.

"பத்து மாசம்" என்றாள். "எனக்கு மண்டையில பிழை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான் அம்மா. டொக்டருக்கும் அப்பிடித்தான் சொன்னனான்."

பேனை பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தேன்.

"அன்ரிக்குத் தெரியுமோ?"

"ஓம்" என்றேன்.

அந்தச் சொல் விழுந்ததும், பழக்கத்தில், நாங்கள் இரண்டு பேரும் நடைப்பக்கம் திரும்பிப் பார்த்தோம்.